பழைய பைப் ஆர்கனைச் சீரமைத்து சிற்றாலயத்தில் நிறுவுதல்: முழுமையான வழிகாட்டி

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த ஒரு சிறிய பைப் ஆர்கன் கைக்கு வந்ததும் எல்லாருடைய கண்ணும் குழாய்கள் மேல்தான் போகும். கறுத்துப்போன குழாயைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். தயவுசெய்து அந்தத் துணியைக் கீழே வையுங்கள். ஊமையாகிப்போன ஆர்கனில் குழாய்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுது இருப்பது தோலிலும் மரத்திலும்தான். துருத்தியின் மடிப்பு கிழிந்திருக்கும், காற்றுப்பெட்டியின் பலகை வெடித்திருக்கும், வால்வுத் தோல் விறைத்திருக்கும். குழாய்க்கு வர வேண்டிய காற்று வழியிலேயே ஒழுகிப் போய்விடுகிறது.

அதனால் இந்த வழிகாட்டியும் காற்று போகும் வழியிலேயே போகிறது: துருத்தி, காற்றுக்குழல், காற்றுப்பெட்டி, கடைசியில் குழாய். உங்கள் வேலையும் அதே வரிசையில் நடக்கட்டும்.

இங்கே மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு விசைப்பலகையும் 3 முதல் 6 ஸ்டாப்புகளும் (ஒரே வகைக் குரல் தரும் குழாய் வரிசைகள்) உள்ள சின்ன ஆர்கன். 54 விசை, 5 ஸ்டாப் என்றால் சுமார் 270 குழாய். குழாயைப் பற்றவைப்பது, குழாயின் குரலைத் திருத்துவது ஆகிய இரண்டையும் பயிற்சி பெற்ற ஆர்கன் கைவினைஞரிடம் விட்டுவிடுங்கள். மற்றதில் பெரும்பகுதியை அவருடைய மேற்பார்வையில், நல்ல தச்சர் ஒருவரும் பொறுமையான சிலரும் சேர்ந்து செய்யலாம்.

முதலில், இதை நகர்த்தலாமா?

ஒரு பழைய ஆர்கன் அது பிறந்த இடத்திலேயே இருப்பதுதான் அதற்கு நல்லது. அந்தக் கட்டடம் இடியப்போகிறது, வழிபாடு நின்றுவிட்டது, ஆர்கனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற நிலையில்தான் இடமாற்றத்தை யோசிக்க வேண்டும். ஆனால் நகர்த்தினால் ஆர்கன் செத்துவிடும் என்ற பயமும் வேண்டாம். எசையாஸ் கொம்பேனியுஸ் 1610-இல் ஜெர்மனியில் செய்து முடித்த ஆர்கன் 1617-இல் டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனைக்குப் போனது. அதன் 1001 குழாய்களும் மரம். அது இன்றும் அங்கே வாசிக்கப்படுகிறது.

உரிமை யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாரம்பரியப் பொருளாகப் பதிவானதா, நகர்த்த அனுமதி தேவையா என்று விசாரியுங்கள். இந்தத் தாள்கள் கைக்கு வரும்வரை ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டாம்.

ஆலயம் தயாராகட்டும்

ஆர்கனைப் பிரிப்பதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே புதிய இடத்தில் வெப்பமும் ஈரப்பதமும் பதியும் ஒரு கருவியை வைத்துவிடுங்கள். ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 60 விழுக்காட்டுக்குள் நின்றால் நல்லது. அதைவிட முக்கியம், அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. வாரம் முழுவதும் குளிர்ந்து கிடக்கும் ஆலயத்தை ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் அனல் பறக்கச் சூடாக்கினால், காற்று வறண்டு மரம் சுருங்கும். பழைய காற்றுப்பெட்டிகள் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். சூடாக்கும் முறையை மாற்ற ஆலயத்தார் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்கனைக் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நேர்வெயில் விழும் சன்னலுக்கு எதிரே, சூடாக்கியின் பக்கத்தில், குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் எல்லாம் வேண்டாம். பின்னால் ஓர் ஆள் நுழைந்து கையை நீட்டும் அளவுக்கு, 50 முதல் 60 செ.மீ. இடைவெளி விடுங்கள். சுருதி சேர்ப்பவர் வாழ்நாள் முழுவதும் உங்களை வாழ்த்துவார். எடை சில நூறு கிலோ வரும், அதுவும் சில புள்ளிகளில் மட்டும் இறங்கும். மரத்தளமாக இருந்தால் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

புதுச் சாயம், புது வார்னிஷ், ஒட்டுப்பலகை வேலை ஏதாவது இருந்தால் முன்கூட்டியே முடித்து, பல வாரம் காற்றாட விடுங்கள். ஏன் என்பதைக் குழாய் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தொடுவதற்கு முன் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். பிரித்த பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்ல அந்த ஆர்கனால் முடியாது.

ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு மூட்டையும் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தே எடுங்கள். குழாய்களில் கீறியிருக்கும் எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய வழக்கில் செய்த ஆர்கன் என்றால் எச் என்ற எழுத்து பி சுரத்தையும், பி என்ற எழுத்து பி ஃபிளாட்டையும் குறிக்கும். இது தெரியாமல் யாரோ குழாய்களை இடம் மாற்றி வைத்திருப்பதும் உண்டு. எழுத்தும் இடமும் பொருந்தாத குழாய் கண்ணில் பட்டால் உடனே திருத்திவிடாமல் குறித்து மட்டும் வையுங்கள். குழாய்கள் எப்போதாவது மாற்றப்பட்ட கதை அதில் ஒளிந்திருக்கலாம்.

ஒவ்வொரு குழாய்க்கும் உடலின் நீளம், விட்டம், வாயின் அகலம், வாயின் உயரம், பாதத்துளையின் விட்டம் என ஐந்து அளவுகளையாவது எடுங்கள். 270 குழாய்க்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் சில நாள் வேலை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிற்காலத்தில் ஒரு குழாய் காணாமல் போனால், அதைத் திரும்பச் செய்ய இந்தத் தாள்தான் ஒரே வழி.

துருத்தியின் உள்பக்கத்தையும் காற்றுப்பெட்டியின் உள்பக்கத்தையும் விளக்கு அடித்துப் பாருங்கள். காற்று கசியாமல் இருக்கத் தாள் ஒட்டுவது பழைய வழக்கம். கையில் கிடைத்த கணக்கேட்டுப் பக்கம், கடிதம், அச்சுத்தாள் எதையும் ஒட்டியிருப்பார்கள். அதில் ஒரு தேதியோ ஊர்ப்பெயரோ இருந்தால், ஆர்கன் எப்போது எங்கே செய்யப்பட்டது அல்லது பழுதுபார்க்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

அப்புறம் காற்றழுத்தம். துருத்தி கொஞ்சமாவது நிற்கிறது என்றால் பிரிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாய் ஒன்றை ‘ப’ என்ற எழுத்தைப்போல வளைத்து, நிறம் கலந்த நீர் ஊற்றி, ஒரு முனையைக் குழாய் நிற்கும் துளையில் காற்று கசியாமல் பொருத்துங்கள். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். சின்ன ஆர்கன்களில் பெரும்பாலும் 45 முதல் 70 மி.மீ. வரை இருக்கும்.

பிரித்தல், கட்டுதல், ஏற்றுதல்

குழாய்கள்தான் முதலில் வெளியே வரும். உலோகக் குழாயைத் தொடும்போது கையுறை போடுங்கள். வியர்வையின் உப்பு உலோகத்தில் விரல் ரேகையாகவே பதிந்துவிடும். காரீயம் கலந்த உலோகம் என்பதால் உங்கள் உடம்புக்கும் அது பாதுகாப்பு. தூசு தட்டும்போது முகக்கவசம் கட்டாயம், சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவ வேண்டும். குழாயை வாய்ப்பகுதியில் ஒருபோதும் பிடிக்காதீர்கள். உடலையும் பாதத்தையும் இரண்டு கையால் தாங்கி, நேராக மேலே தூக்குங்கள்.

அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி, தட்டையான மரத்தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் படுக்க வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம். தட்டின் வெளியே ஸ்டாப்பின் பெயரும் சுரமும் எழுதி ஒட்டுங்கள். குழாயின் மேல் எதுவும் ஒட்டவோ எழுதவோ கூடாது.

பிறகு விசைகளிலிருந்து வால்வு வரை போகும் டிராக்கர் எனும் மெல்லிய மரக்கம்பிகள். இவற்றின் முனையில் தோல் திருகுகள் இருக்கும். அவை நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். காற்றுப்பெட்டியை, அது வாசிக்கப்படும்போது எப்படி மட்டமாக இருந்ததோ அப்படியே தூக்கி அப்படியே வண்டியில் வையுங்கள். சாய்த்தால் உள்ளே வால்வுகள் வில்லிலிருந்து நழுவும்.

புதிய இடத்துக்கு வந்ததும் பெட்டிகளைத் திறந்துவிட்டு இரண்டு வாரமாவது அப்படியே விடுங்கள். மரம் அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும்.

ஏற்றும் முன் ஒன்று. மரத்தில் சின்னத் துளைகளும் அதன் அடியில் மாவுபோல் புதுத் தூளும் இருந்தால் உள்ளே உயிருள்ள மரப்புழு இருக்கலாம். கறுப்புத் தாள் விரித்து ஒரு மாதம் பாருங்கள். தூள் விழுந்தால், நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜன் இல்லாமல் செய்யும் முறையிலோ, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தியபடி சூடாக்கும் முறையிலோ புழுவைத் தீர்த்த பிறகுதான் ஆலயத்துக்குள் கொண்டுவர வேண்டும். மருந்து தெளிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். தோலையும் உலோகத்தையும் அது கெடுக்கலாம்.

துருத்தி

இங்கேதான் சீரமைப்பு உண்மையில் தொடங்குகிறது. பழைய தோலைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மேலே வைத்தால் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பழைய வஜ்ஜிரப் பசை இளகிக் கொடுக்கும். அதன் அருமையே இதுதான், தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். நீங்கள் ஒட்டும்போதும் அதே பசையால் ஒட்டினால், நூறு ஆண்டு கழித்து வரும் இன்னொருவரும் மரத்தைச் சேதப்படுத்தாமல் பிரிக்க முடியும். வஜ்ஜிரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீர்ப்பானைக்குள் வைத்த பாத்திரத்தில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளக்குங்கள். கொதித்தால் அதன் பிடிமானம் போய்விடும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை வேலைக்கு எளிதுதான், ஆனால் அது பிரியாது, அசெட்டிக் அமில ஆவியையும் விடும். அதைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

தோல் என்றால் செம்மறியாட்டுத் தோல், பழைய தோலின் அதே தடிமனில். மடிப்புகளுக்கு மெல்லியது, மூலைகளுக்கு நன்றாக இழுபடுவது. பழைய தோலில் ஒரு துண்டை உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஆவணத்தோடு வையுங்கள்.

துருத்தியின் மேல் இருந்த கல்லையும் இரும்புக்கட்டியையும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடும் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள். ஆர்கனின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்த எடைதான். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஒரு கிலோ வைத்தால் ஒரு மி.மீ. நீர் அழுத்தம் கிடைக்கும். மேற்பலகை 1.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 0.96 சதுர மீட்டர். 60 மி.மீ. அழுத்தத்துக்குப் பலகையின் எடையையும் சேர்த்து சுமார் 58 கிலோ வேண்டும். துருத்தி அளவீடு ஏதும் எடுக்க முடியாதபடி சிதைந்திருந்தால், ஆர்கனின் பழைய அழுத்தத்தைத் தோராயமாகவாவது தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

மின்விசிறிப் பெட்டி, அதாவது ப்ளோயர் பொருத்தினால் அது மெதுவாகச் சுழல்வதாக இருக்கட்டும், சத்தம் குறைவு. அது ஆர்கன் நிற்கும் அதே அறையின் காற்றையே உறிஞ்ச வேண்டும். அடித்தள அறையிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்தால் சுருதி நிலையாக நிற்காது. கையால் துருத்தி ஊதும் கட்டை இருந்தால் அதையும் வேலை செய்யும்படி வையுங்கள். கையால் ஊதி வாசிக்கும்போது காற்று லேசாக மூச்சு விடுவதுபோல் அசையும். அதைக் கேட்ட பிறகு விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்கவே பலருக்கும் ஆசை வரும்.

காற்றுப்பெட்டி

ஆர்கனின் இதயம் இது. பெட்டிக்குள் ஒவ்வொரு விசைக்கும் ஒரு நீண்ட அறை. விசையை அழுத்தினால் அந்த அறையின் அடியிலுள்ள வால்வு திறந்து காற்று உள்ளே வரும். அறைகளின் மேலே ஸ்டாப்புக்கு ஒன்றாகத் துளையிட்ட மரச்சட்டங்கள் குறுக்கே ஓடும், இவைதான் ஸ்லைடர்கள். ஸ்டாப்பை இழுத்தால் சட்டத்தின் துளையும் குழாயின் துளையும் நேராகி, அந்த வரிசைக் குழாய்கள் மட்டும் பாடும். அழுத்திய விசையும் இழுத்த ஸ்டாப்பும் சேர்ந்த இடத்தில் ஒலி.

இங்கே வரும் நோய்கள் இரண்டு. ஒன்று, யாரும் தொடாத சுரம் தானாக ஒலித்துக்கொண்டே இருப்பது. வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் தூசு, வில் தளர்ச்சி, அல்லது டிராக்கர் இறுக்கம். இது எளிது. இன்னொன்று, ஒரு சுரத்தை அழுத்தினால் பக்கத்துச் சுரமும் மெல்லிய ஈனக்குரலில் கூடவே முனகுவது. அறைகளுக்கு மேலேயுள்ள பலகை வறண்டு வெடித்து, ஓர் அறையின் காற்று அடுத்த அறைக்குக் கசிகிறது என்று அர்த்தம். பழைய ஆர்கன்கள் கைவிடப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் தீர்க்கக்கூடியதுதான்.

எங்கே கசிகிறது என்பதை மேசையின் மேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஸ்டாப் எல்லாவற்றையும் மூடிவிட்டு விசைகளை மொத்தமாக அழுத்திக் காற்றடித்தால் சீறும் ஓசை வரும். ஈரமான கையை மேலே ஓட்டிப் பார்த்தால் இடம் தெரியும். வெடிப்பு சிறிது என்றால் சூடான வஜ்ஜிரப் பசையை அறைகளுக்குள் ஊற்றி, பெட்டியை எல்லாப் பக்கமும் சாய்த்து ஓடவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுவார்கள். இது ஆர்கன் பட்டறைகளில் காலங்காலமாக இருக்கும் வைத்தியம். வெடிப்பு பெரிது என்றால் அதை வகுந்து, அதே மரத்தில், அதே நார்த்திசையில் மெல்லிய ஆப்பு செருகி ஒட்ட வேண்டும். மேற்பலகையையே கழற்றி எறிந்துவிட்டு ஒட்டுப்பலகை போடச் சொல்பவர்களும் உண்டு. வெடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆர்கனைச் செய்தவர் இழைத்த பலகையும் அவருடைய பென்சில் கோடுகளும் அதோடு போய்விடும். நான் அதற்கு உடன்பட மாட்டேன்.

வால்வுத் தோலை மாற்றுவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே தோலிலிருந்து வெட்டி மாற்றுங்கள். இல்லாவிட்டால் விசைகள் ஒன்றுக்கொன்று வேறு கனமாகத் தெரியும். பழைய வில்கள் நல்ல நிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

விசைப்பலகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசு துடைத்து, அந்து அரித்த கம்பளித்துணியை மாற்றி, தேய்ந்த விசைகளைத் தேய்ந்தபடியே விடுங்கள்.

குழாய்கள்

உலோகக் குழாய்கள் வெள்ளீயமும் காரீயமும் கலந்தவை. ஆணிவேரைப்போல கூம்பிய பாதம், நடுவில் வாய், மேலே உடல். காற்று வாயின் மெல்லிய இடுக்கில் வெளியேறி மேலுதட்டில் மோதும்போது ஒலி பிறக்கிறது. அந்த இடுக்கின் அகலம், மேலுதட்டின் உயரம், பாதத்துளையின் அளவு, இவைதான் குழாயின் குரல். ஆர்கனைச் செய்த கைவினைஞர் நூறு இருநூறு ஆண்டுக்கு முன் தன் காதால் கேட்டுக் கேட்டு நிர்ணயித்த முடிவுகள் அவை. வாயில் ஒட்டிய தூசை மென்மயிர்த் தூரிகையால் எடுக்கலாம். அதற்குமேல் கத்தி, உப்புத்தாள், பாலிஷ் எதுவும் அங்கே போகக் கூடாது.

நசுங்கிய குழாயை, அதன் விட்டத்துக்கு ஏற்ற உருளைக்கட்டையை உள்ளே விட்டு மெதுவாக உருட்டி நிமிர்த்துவார்கள். பாதம் தன் எடையிலேயே குழைந்து உட்கார்ந்துவிட்டால் துளை சுருங்கி, குரல் நலிந்துபோகும். அதைத் துளைப்பானால் பெரிதாக்குவது பேரழிவு. பாதத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவதே சரி.

குழாயின் பாதத்தில் வெள்ளை மாவு படிந்திருந்தால் அதைத் தூசு என்று நினைத்துவிடாதீர்கள். ஓக் போன்ற மரம் அசெட்டிக் அமில ஆவியை விடும். அது காரீயத்தைத் தின்று வெண்பொடியாக்குகிறது. காற்றுப்பெட்டிக்குள்ளிருந்து வரும் காற்று முதலில் தொடுவது பாதத்தைத்தான் என்பதால் அரிப்பும் அங்கே தொடங்குகிறது. ஜெர்மனியின் லூபெக் நகரில் புனித யாக்கோபு ஆலயத்தின் ஸ்டெல்வாகன் ஆர்கனில் 1467-ஆம் ஆண்டுக் குழாய்கள் உள்ளன. அவற்றில் இந்த அரிப்பைக் கண்டுதான் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆலயத்தில் ஒட்டுப்பலகை, வார்னிஷ் வேலைகளை முன்கூட்டியே முடித்துக் காற்றாட விடச் சொன்னது இதனால்தான். புளிக்காடி வாசம் வரும் சிலிக்கோன் பசையும் ஆர்கன் பக்கத்தில் ஆகாது. வெண்பொடி கண்ட குழாயைத் தனியே வைத்து, தகுந்த கைவினைஞரிடம் காட்டுங்கள்.

மரக்குழாய்களில் பிரச்சினை பெரும்பாலும் மூட்டு விட்டுப்போவதும் அடைப்பான் தளர்வதும்தான். மேல்முனை அடைத்த குழாய், அதே நீளமுள்ள திறந்த குழாயைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஏறக்குறைய 2.4 மீட்டர் திறந்த குழாய் தரும் சுரத்தை 1.2 மீட்டர் அடைத்த குழாய் தந்துவிடும். சின்ன ஆர்கன்கள் தாழ்ந்த கூரையின் கீழ் அடங்குவது இதனால்தான். அடைப்பானைச் சுற்றியுள்ள தோல் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். அது நழுவினால் சுருதியும் நழுவும்.

நிறுவுதல்

சட்டகத்தை நிறுத்தி, ரசமட்டம் வைத்து எல்லாத் திசையிலும் மட்டம் பாருங்கள். தளம் கோணலாக இருந்தால் அடியில் கட்டை வைத்துச் சரிசெய்யுங்கள், ஆர்கனின் காலைச் செதுக்காதீர்கள். காற்றுப்பெட்டி சரிந்திருந்தால் ஸ்லைடர் இறுகும், குழாய் சாயும். பெட்டி, காற்றுக்குழல், துருத்தி எல்லாம் இணைத்ததும், ஒரு குழாயையும் வைக்காமல் காற்றை ஏற்றி அழுத்தம் அளந்து, ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள். கசிவு இருந்தால் இப்போது தெரிந்துவிடும். உள்ளே தங்கிய தூசும் வெளியேறிவிடும், குழாய்க்குள் போகாது. அதன் பிறகே குழாய்கள், பெரியதிலிருந்து சிறியதுவரை.

புதிய அறையில் சத்தம் குறைவாகவோ கூடுதலாகவோ தோன்றலாம். குழாயின் குரலைத் திருத்தலாமே என்று யாராவது சொன்னால், முதலில் தரைவிரிப்பை எடுத்துப் பாருங்கள், திரைச்சீலையைக் கழற்றிப் பாருங்கள். அறையை மாற்றினால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

சுருதி

இன்று ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அலைவு என்பது பொது அளவு. பழைய ஆர்கன் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரான்சு 1859-இல் 435 என்று சட்டமாக்கியது. இங்கிலாந்தில் 452 பக்கம் உயர்ந்த காலமும் உண்டு. 415 என்றால் இன்றைய அளவைவிட அரைச் சுரம் கீழே. உங்கள் ஆர்கன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கேயே விடுங்கள். மேலே கொண்டுபோகக் குழாயின் உச்சியை வெட்டினால் அந்த உலோகம் திரும்பி வராது. கூடப் பாடுபவர்கள் பழகிக்கொள்வார்கள்.

சுரங்களுக்கு இடையிலான பகிர்வும் அப்படியே. உச்சி வெட்டப்படாத திறந்த உலோகக் குழாய்களின் நீளங்களை அளந்து கணக்கிட்டால், அது எல்லா அரைச் சுரங்களும் ஒரே இடைவெளியில் அமையும் சம பகிர்விலா அதற்கு முந்தைய ஏதோ ஒரு முறையிலா என்று ஓரளவு தெரியும்.

சுருதி சேர்ப்பதற்கு முந்தைய நாளே அறையின் வெப்பநிலையை வழிபாட்டு நேரத்தின் அளவுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்துங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் குழாய்களின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறும், 440-இல் அது முக்கால் அலைவு. உங்கள் உடம்பின் சூடே பக்கத்துக் குழாயைக் கூட்டிவிடும், அதனால் ஒரு குழாயைத் தொட்டால் கொஞ்சம் விலகி நின்று அது ஆறும்வரை காத்திருங்கள். திறந்த சின்னக் குழாய்களைப் பித்தளைக் கூம்பால் மிக லேசாகத் தட்டி உச்சியை விரிப்பார்கள் அல்லது குவிப்பார்கள். ஒவ்வொரு தட்டலின் அதிர்ச்சியும் பாதத்தில் இறங்கும். அதனால் ஆண்டுக்குப் பலமுறை செய்யும் வேலை இல்லை இது. வெயிலுக்கும் குளிருக்கும் இடையே ஆர்கன் தானாகவே ஏறி இறங்கித் திரும்பி வரும்.

முதல் ஆண்டு முழுவதும் ஆர்கனுக்குள்ளேயே ஒரு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாசிப்பவர் எவராயினும் தேதி, வெப்பநிலை, ஈரப்பதம், எந்தச் சுரம் முனகியது என்று எழுதட்டும். பருவம் ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு அதைக் கைவினைஞரிடம் கொடுங்கள். டிராக்கர் திருகுகளை அவர் இறுதியாகச் சரிசெய்வது அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு இருக்கட்டும்.